ஜெயிலுக்குப் போனால் குடி நின்றுவிடுமா? கைது முதல் விடுதலை வரை... குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை!

`உள்ளே இருந்தாலாவது கொஞ்ச நாள் குடிக்காம இருப்பான். திருந்தி வரட்டும்.' வீட்டில் ஒருவர் குடித்துவிட்டு அடிதடி வழக்கிலோ, கஞ்சா வழக்கிலோ கைதாகும்போது, அழுது ஓய்ந்த பிறகு பல குடும்பங்களில் இப்படித்தான் மனதைத் தேற்றிக்கொள்கிறார்கள். வருடக்கணக்கில் அந்த மனிதரோடு போராடிச் சலித்தவர்களின் ஆறுதல் அது. அதைக் குறை சொல்ல முடியாது.

ஆனால், மருத்துவம் வேறொன்றைச் சொல்கிறது. போதை கிடைக்காமல் போவதும், போதை நோய் குணமாவதும் ஒன்றல்ல. நீண்ட காலமாகத் தினமும் குடிப்பவருக்குக் குடி திடீரென்று நின்றால், கைதான முதல் சில நாள்கள் உயிருக்கே ஆபத்தாகலாம். ஹெராயின் வகை போதைக்குப் பழகியவருக்கோ, சிறையிலிருந்து வெளியே வந்த முதல் சில நாள்கள்தான் மிகப் பெரிய ஆபத்து. உள்ளே போகும் வாசல், வெளியே வரும் வாசல் இரண்டுமே ஜாக்கிரதையாகத் தாண்ட வேண்டியவை.

இந்த வழியில் போலீஸ், கோர்ட், சிறை, மருத்துவமனை என நான்கு இடங்கள் வருகின்றன. ஒவ்வோர் இடமும் தன் வேலையைச் செய்தாலும், ஓர் இடத்திலிருந்து அடுத்த இடத்துக்கு நோயாளியைப் பற்றிய தகவல் போய்ச் சேராவிட்டால் சிகிச்சை நடுவிலேயே அறுந்துவிடும். அது எங்கெல்லாம் அறுகிறது, சட்டம் என்ன வழி வைத்திருக்கிறது, வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்ய முடியும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் மூன்று நாள்கள்... கவனம்!

தினமும் அதிகமாகக் குடித்துப் பழகிய உடலுக்கு, மது இல்லாமல் இயங்கத் தெரியாது. கடைசியாகக் குடித்த சுமார் 6 மணி நேரத்திலிருந்தே கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, தூக்கமின்மை ஆரம்பிக்கலாம். முதல் இரண்டு நாள்களுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாவது நாளிலிருந்து நான்காவது நாளுக்குள் சிலருக்கு மனக் குழப்பம் ஏற்பட்டு, இல்லாத உருவங்கள் தெரிய ஆரம்பிக்கும். தான் எங்கே இருக்கிறோம் என்பதே புரியாமல் கத்துவார்கள், ஓடப் பார்ப்பார்கள். `டெலிரியம் ட்ரெமென்ஸ்' எனப்படும் இந்த நிலைக்கு உடனே சிகிச்சை கிடைக்காவிட்டால் உயிரிழப்பு வரை போகலாம்.

இதைச் சட்டத்தின் கடிகாரத்தோடு பொருத்திப் பாருங்கள். கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அந்த நேரத்தில் அவர் லேசாக நடுங்கிக்கொண்டு நிற்பார். பயத்தில் நடுங்குகிறார் என்று பார்ப்பவர்கள் நினைக்கக்கூடும். ரிமாண்ட் ஆகி சிறைக்குள் போன பிறகுதான் வலிப்பும் குழப்பமும் வரும் நாள்கள் தொடங்குகின்றன. புதிய இடம், புதிய ஆள்கள். அவர் எவ்வளவு காலமாகக் குடிக்கிறார், முன்பு வலிப்பு வந்திருக்கிறதா என்பது அங்கே யாருக்கும் தெரியாது. குழப்பத்தில் கத்துபவரை, `வம்பு செய்யும் கைதி' என்று தவறாகப் புரிந்துகொள்ளும் வாய்ப்பும் இருக்கிறது.

கைதானவரை மருத்துவர் பரிசோதிக்க வேண்டும் என்கிறது சட்டம். சிறைக்குள் நுழையும்போதும் ஒரு மருத்துவப் பரிசோதனை உண்டு. இந்த இரண்டு இடங்களிலும், `கடைசியாக எப்போது குடித்தீர்கள், ஒரு நாளைக்கு எவ்வளவு, முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்ததா?' என்ற மூன்று கேள்விகளைக் கேட்டு, பதிலை எழுதி வைத்தாலே பாதி ஆபத்தைத் தவிர்க்கலாம். இந்தப் பிரச்னைக்கு மருந்து இல்லாமல் இல்லை. நடுக்கத்தையும் வலிப்பையும் கட்டுப்படுத்தும் மாத்திரைகளும், தயமின் எனப்படும் வைட்டமின் பி1-ம் சரியான நேரத்தில் கிடைத்தால் பெரும்பாலானவர்கள் ஒரு வாரத்தில் தேறிவிடுவார்கள். கிடைப்பதற்கு, அவருக்கு அது தேவை என்று மருத்துவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஹெராயின், பிரவுன் சுகர் போன்றவற்றை நிறுத்தும்போது உடல்வலி, வயிற்றுப்போக்கு, வாந்தி, தாங்க முடியாத தவிப்பு வரும். பொதுவாக இரண்டு, மூன்று நாள்களில் உச்சத்துக்குப் போய் ஒரு வாரத்தில் குறையும். இதற்கும் மருந்து இருக்கிறது.

சிறைக்குள் எத்தனை பேர்?

பெங்களூரு மத்திய சிறையில் நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் நடத்தி 2011-ல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. அதில் 5,024 கைதிகள் பரிசோதிக்கப்பட்டார்கள். மனநோய் அல்லது போதைப் பொருள் பயன்பாட்டுப் பிரச்னை இருந்தவர்கள் 79.6 சதவிகிதம். போதையைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டால் அது 27.6 சதவிகிதமாகக் குறைகிறது. அந்தப் பெரிய இடைவெளிக்குக் காரணம் போதை.

சிறைக்கு வெளியே மட்டும் நிலைமை சரியாக இருக்கிறதா என்றால், அதுவும் இல்லை. மத்திய அரசுக்காக எய்ம்ஸ் மருத்துவமனை நடத்தி 2019-ல் வெளியான தேசிய ஆய்வு, மதுவுக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைக்கிறது என்கிறது. அதனால் பலருக்கு, வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு மருத்துவர் முன் உட்காரும் வாய்ப்பே கைதான பிறகுதான் வருகிறது. அந்த வாய்ப்பை வீணாக்குவது எல்லோருக்குமே இழப்பு.

2017-ம் வருட மனநலப் பாதுகாப்புச் சட்டம், மது மற்றும் போதைப் பொருள்களால் வரும் மனநலப் பாதிப்புகளையும் `மனநோய்' என்ற வரையறைக்குள் சேர்த்திருக்கிறது. சிறை மருத்துவர்களுக்கு அடிப்படை மனநலச் சிகிச்சையில் பயிற்சி தர வேண்டும், ஒவ்வொரு மாநிலத்திலும் குறைந்தது ஒரு சிறையின் மருத்துவப் பிரிவில் மனநல மையம் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. ஆக, சிறையில் இருப்பவர் போதைக்குச் சிகிச்சை கேட்பது சலுகை அல்ல, உரிமை.

சட்டத்திலேயே இருக்கும் கதவுகள்

போதைப் பொருள் தடுப்புச் சட்டம் (என்.டி.பி.எஸ்., 1985) என்றாலே ஜாமீன் கிடைக்காது, பத்து வருடம், இருபது வருடம் என்றுதான் நமக்குத் தெரியும். பெரிய அளவில் கடத்துபவர்களுக்கு அது உண்மை. ஆனால், அடிமையாகிப் போனவர்களுக்காக இதே சட்டத்தில் இரண்டு கதவுகள் இருக்கின்றன.

முதலாவது, பிரிவு 64ஏ. போதைப் பொருளைப் பயன்படுத்தியதாகவோ, `சிறிய அளவு' வைத்திருந்ததாகவோ குற்றம்சாட்டப்பட்ட ஒரு போதை நோயாளி, தானாக முன்வந்து அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த மருத்துவமனையில், மையத்தில் சிகிச்சை எடுத்துக்கொண்டால், அந்தக் குற்றத்துக்காக அவர் மீது வழக்கு நடத்தப்படுவதிலிருந்து விலக்கு கிடைக்கும். சிகிச்சையைப் பாதியில் விட்டால் விலக்கும் ரத்தாகலாம்.

இரண்டாவது, பிரிவு 39. இது குற்றவாளி என்று முடிவான பிறகு வருவது. இதே போன்ற சிறிய வழக்குகளில், தண்டனை கொடுப்பதற்குப் பதிலாக, அந்த நபரின் சம்மதத்தோடு, பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு கோர்ட் அவரைச் சிகிச்சைக்கு அனுப்பலாம். ஒரு வருடத்துக்கு மிகாத காலத்துக்குள் அவர் சிகிச்சையின் முடிவு பற்றிய அறிக்கையைக் கோர்ட்டில் கொடுக்க வேண்டும். அது திருப்தியாக இருந்தால், கண்டித்து விடுவிக்கவும் கோர்ட்டுக்கு அதிகாரம் இருக்கிறது.

`சிறிய அளவு' என்பது ஒவ்வொரு பொருளுக்கும் வேறுபடும். கஞ்சாவுக்கு 1 கிலோ, ஹெராயினுக்கு 5 கிராம். கஞ்சா இந்த வரம்புக்குள் இருந்தால், அதிகபட்சத் தண்டனை ஒரு வருடச் சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். இந்த வரம்பைத் தாண்டினால் மேலே சொன்ன கதவுகள் திறக்காது. பயன்படுத்துபவருக்கு மட்டுமே இந்த வழி. விற்றுப் பிழைப்பவர், `நானும் நோயாளிதான்' என்று சொல்லித் தப்ப முடியாது.

மது தொடர்பான அடிதடி போன்ற வழக்குகளுக்கு இந்தப் பிரிவுகள் பொருந்தாது. அங்கே 1958-ம் வருட நன்னடத்தைச் சட்டம் உதவலாம். தகுதியான வழக்குகளில், சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தை அலுவலரின் கண்காணிப்பில் விடும்போது, போதையைத் தொடக் கூடாது என்று கோர்ட் நிபந்தனை விதிக்க அந்தச் சட்டம் இடம் தருகிறது. 18 வயதுக்குக் கீழே உள்ளவர் என்றால், இளைஞர் நீதிக் குழுமம் அவரைப் போதை மீட்புச் சிகிச்சைக்கு அனுப்பி உத்தரவிடலாம்.

கதவுகள் இருக்கின்றன. ஆனால், அவை தானாகத் திறப்பதில்லை. `இவர் போதை நோயாளி' என்பதற்கு மருத்துவ ஆவணம் வேண்டும். சிகிச்சைக்கு இடம் தயாராக இருக்க வேண்டும். வக்கீல் மனு போட வேண்டும். மருத்துவமனையிலிருந்து அறிக்கை கோர்ட்டுக்கு வர வேண்டும். இந்த நான்கில் ஒன்று தவறினாலும், கோர்ட் முன் மிஞ்சுவது வழக்கமான குற்ற வழக்கு ஒன்றுதான்.

விடுதலையான முதல் இரண்டு வாரம்

சிறையில் ஆறு மாதம் ஹெராயின் இல்லாமல் இருந்தவரின் உடல், அந்த அளவைத் தாங்கும் சக்தியை இழந்துவிடுகிறது. ஆனால், மனதில் பழைய ஏக்கம் அப்படியே இருக்கும். வெளியே வந்ததும், முன்பு எடுத்த அதே அளவை எடுத்தால், மூச்சு அடங்கிவிடும். `திருந்தி வந்துட்டான்' என்று வீடு நிம்மதியாக இருக்கும் நாளில்தான் இது நடக்கிறது.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், சிறையிலிருந்து வெளிவந்த 30,237 பேரைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தார்கள். `நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் 2007-ல் வந்த அந்த ஆய்வின்படி, விடுதலையான முதல் இரண்டு வாரங்களில் அவர்கள் இறக்கும் அபாயம், அதே மாநிலத்தின் மற்ற மக்களைவிட 12.7 மடங்கு. அளவுக்கு மீறிய போதையால் இறக்கும் அபாயம் மட்டும் 129 மடங்கு.

அங்கே புழங்கும் போதைப் பொருள்களும் அளவும் வேறு. அந்த எண்களை அப்படியே நம் ஊருக்குப் பொருத்த முடியாது. ஆனால், உடல் தாங்கும் சக்தியை இழப்பது எல்லா ஊரிலும் ஒன்றுதான். போதைக்காக வலி மாத்திரைகளை ஊசியில் ஏற்றிக்கொள்பவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு.

ஒரு சின்ன மாநிலம் காட்டிய வழி

இந்த இரண்டு வாசல்களையும் இணைக்க முடியும் என்று காட்டியது, அதே அமெரிக்காவின் மிகச் சிறிய மாநிலமான ரோட் ஐலண்ட். 2016-ல் அங்கே சிறைக்கு வரும் ஒவ்வொருவரிடமும் போதைப் பழக்கம் பற்றி விசாரிக்க ஆரம்பித்தார்கள். ஏற்கெனவே வெளியே சிகிச்சையில் இருந்தவர்களுக்கு மருந்தை நிறுத்தாமல் தொடர்ந்தார்கள். தேவைப்பட்ட மற்றவர்களுக்கு, மெத்தடோன், பியூப்ரெனார்பின், நால்ட்ரெக்சோன் ஆகிய மூன்றில் பொருத்தமான மருந்து தரப்பட்டது. முக்கியமாக, விடுதலையாகும் முன்பே அவர் வீட்டுக்கு அருகில் உள்ள சிகிச்சை மையத்தோடு இணைத்துவிட்டார்கள்.

பலன் என்ன? 2016-ன் முதல் ஆறு மாதங்களில் அந்த மாநிலத்தில் போதை மிகுதியால் இறந்த 179 பேரில், சமீபத்தில் சிறையிலிருந்து வந்தவர்கள் 26 பேர். 2017-ல் அதே ஆறு மாதங்களில் இறந்த 157 பேரில், அப்படிப்பட்டவர்கள் 9 பேர் மட்டுமே. `ஜாமா சைக்கியாட்ரி' இதழில் 2018-ல் இந்த விவரங்கள் வெளியாகின.

இதில் புதிய மருந்து எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. மூன்றுமே முன்பே புழக்கத்தில் இருந்தவை. மாறியது ஒன்றுதான். சிறையும் மருத்துவமனையும் ஒன்றோடு ஒன்று பேச ஆரம்பித்தன.

கோர்ட்டிலும் இப்படிச் செய்ய முடியும் என்பதற்கு, 1989-ல் மியாமியில் தொடங்கிய `போதை நீதிமன்றம்' உதாரணம். நீதிபதி, அரசுத் தரப்பு, எதிர்த்தரப்பு வக்கீல், சிகிச்சை தருபவர், கண்காணிப்பு அதிகாரி எல்லோரும் ஒரே குழுவாக அமர்ந்து, ஒவ்வொருவரின் முன்னேற்றத்தையும் பேசி முடிவெடுப்பது இந்த முறை. இன்று அமெரிக்கா முழுவதும் இப்படிப்பட்ட நீதிமன்றங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன.

பியூப்ரெனார்பின் மருந்து இந்தியாவிலும் அரசு மையங்கள் வழியாகக் கிடைக்கிறது. டெல்லி திகார் சிறையில் 2008-லேயே இந்த வகைச் சிகிச்சை தொடங்கப்பட்டது. எனவே, நமக்கு இது வெளிநாட்டுக் கனவு அல்ல.

இங்கே இணைப்பது யார்?

உண்மையைச் சொன்னால், நம் ஊரில் பெரும்பாலும் அம்மாவோ மனைவியோதான். மாத்திரைச் சீட்டைத் தேடி எடுப்பது, ஸ்டேஷன் வாசலில் நிற்பது, வக்கீலைப் பிடிப்பது, மனு போட்டு சிறையில் பார்ப்பது, வெளியே வந்ததும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவது எல்லாமே அவர்கள் தலையில்தான். சம்பளம் இல்லாத, பயிற்சி இல்லாத, வேலைக்கு லீவு போட்டு அலையும் ஒருங்கிணைப்பாளர்கள் அவர்கள். படிப்பும் பண வசதியும் இல்லாத வீட்டில், அந்த ஒருவரும் சோர்ந்துவிட்டால் எல்லாமே நின்றுவிடுகிறது.

இந்த வேலையைச் செய்யக்கூடியவர்கள் அரசு அமைப்பிலேயே இருக்கிறார்கள். சிறை மருத்துவர், நன்னடத்தை அலுவலர், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு, அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு. கைதாகும் அன்று ஒரு பக்கக் குறிப்பு, உள்ளே இருக்கும்போது தொடர் மருந்து, வெளியே வரும் அன்று மருந்தும் டாக்டரைப் பார்க்க வேண்டிய தேதியும். இந்த மூன்றையும் கவனிக்க ஒவ்வொரு சிறைக்கும் ஒருவரைப் பொறுப்பாக்கினாலே நிலைமை மாறும். இதற்குப் புதிய சட்டம்கூடத் தேவையில்லை.

குடும்பத்தினர் என்ன செய்யலாம்?

* ஒரு பக்கக் குறிப்பு: என்ன போதை, எவ்வளவு, எத்தனை வருடம், கடைசியாக எப்போது, வலிப்பு வந்ததுண்டா, இப்போது சாப்பிடும் மாத்திரைகள், பார்க்கும் டாக்டர் யார் என எழுதி, பழைய சீட்டுகளின் நகலோடு வையுங்கள். ஸ்டேஷனில் ஒன்று, வக்கீலிடம் ஒன்று, சிறை மருத்துவருக்கு ஒன்று கொடுங்கள்.

* மாஜிஸ்திரேட்டிடம் சொல்லச் சொல்லுங்கள்: ரிமாண்ட் நேரத்திலேயே வக்கீல் மூலம், `இவருக்கு மருத்துவக் கவனிப்பு தேவை' என்று தெரிவிப்பது முக்கியம். வலிப்போ, குழப்பமோ தெரிந்தால் மருத்துவமனைக்கு அனுப்பக் கேளுங்கள்.

* வக்கீல் வைக்க வசதியில்லையா? காவலில் இருக்கும் எவருக்கும், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவச சட்ட உதவி பெற உரிமை உண்டு. 15100 என்ற எண்ணை அழைக்கலாம். என்.டி.பி.எஸ். வழக்கு என்றால், பிரிவு 64ஏ, 39 பொருந்துமா என்று நேரடியாகக் கேளுங்கள்.

* அங்கீகாரத்தைப் பாருங்கள்: அரசு நடத்தாத, அங்கீகரிக்காத மையத்தில் பணம் கட்டிச் சேர்த்தால் கோர்ட்டில் அந்தச் சிகிச்சை செல்லாமல் போகலாம். அடித்துத் திருத்துவதாகச் சொல்லும் இடங்கள் பக்கமே போகாதீர்கள்.

* விடுதலைக்கு முன்பே தேதி வாங்குங்கள்: வெளியே வரும் வாரத்திலேயே டாக்டரைப் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். உள்ளே கொடுத்த மருந்துகளின் விவரத்தைக் கேட்டு வாங்குங்கள். முதல் இரண்டு வாரம் அவரைத் தனியே விடாமல் இருப்பது நல்லது. `பழைய அளவை இனி உடம்பு தாங்காது' என்பதைத் தயங்காமல் அவரிடமே சொல்லுங்கள்.

* மீண்டும் தொட்டுவிட்டால்: `எல்லாம் வீண்' என்று முடிவுகட்ட வேண்டாம். சர்க்கரை நோய், ரத்த அழுத்தம் போல இதுவும் ஏறி இறங்கும் நோய்தான். உடனே டாக்டரிடம் திரும்பப் போவதுதான் அடுத்த அடி.

மனைவிகளுக்கு ஒரு வார்த்தை

கைதான வழக்கே வீட்டில் நடந்த அடிதடியாக இருக்கலாம். `அவருக்குச் சிகிச்சை வேண்டுமென்றால் நீதான் புகாரை வாபஸ் வாங்கணும், ஜாமீன் எடுக்கணும்' என்று உறவினர்கள் நெருக்கலாம். அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. அவருடைய சிகிச்சையும் உங்கள் பாதுகாப்பும் தனித்தனி விஷயங்கள். புகாரில் உறுதியாக நின்றுகொண்டே, அவருடைய மருத்துவக் குறிப்பை மட்டும் சிறை மருத்துவருக்குச் சேர்ப்பிக்க முடியும். வெளியே வந்த பிறகு அவர் தங்க வேண்டியது உங்கள் வீடாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. அச்சுறுத்தல் இருந்தால் 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அழையுங்கள்.

குற்றத்துக்கு உரிய பதிலை அவர் கோர்ட்டில் சொல்லியே ஆக வேண்டும். போதை நோய்க்கான சிகிச்சை அதைத் துடைத்துவிடாது. ஆனால், சிகிச்சையில்லாமல் உள்ளே போய், சிகிச்சையில்லாமல் வெளியே வருபவர் பெரும்பாலும் அதே பழக்கத்துக்கும், அதே வழக்குக்கும்தான் திரும்புகிறார். அதற்கான விலையை அவரோடு சேர்ந்து குடும்பமும், அடுத்து அடிபடப்போகும் யாரோ ஒருவரும் கொடுக்கிறார்கள்.

உதவி எண்கள்

போதை மீட்பு ஆலோசனை (தேசிய இலவச எண்): 14446
மனநல ஆலோசனை (டெலி மானஸ்): 14416
இலவச சட்ட உதவி: 15100
பெண்கள் உதவி எண்: 181
சிறுவர் உதவி எண்: 1098